தமிழும் பிரெஞ்சும் படிக்க எந்த இ-ரீடர்: கிண்டிலா, கோபோவா?

ரோஸ்ஹில் வாசகி

அனைவருக்கும் வணக்கம்.

மொரிசியஸில் இருந்துகொண்டு தமிழ் படிக்க ஓர் இ-ரீடர் வாங்கப் பார்க்கிறேன். தாள் போலத் தெரியும் இ-இங்க் திரைதான் வேண்டும், டேப்லெட் வேண்டாம். அதுவரை தெளிவு, அதற்குமேல் குழப்பம்.

படிக்கப்போவது இவை: மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பின் சங்க நூல்கள், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்து ஈபப்கள் (மின்னூல் கோப்புகள்), தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய புத்தகங்கள், அமேசானின் கிண்டில் கடையில் காசு கொடுத்து வாங்கும் இன்றைய நாவல்கள். அதே அளவுக்குப் பிரெஞ்சும் படிப்பேன். தெரியாத பிரெஞ்சுச் சொல்லில் விரலை வைத்தால் பொருள் வர வேண்டும்.

பார்த்து வைத்திருப்பவை மூன்று: கிண்டில் பேப்பர்வைட் (2024), கோபோ கிளாரா பிடபிள்யூ, கோபோ லிப்ரா கலர். அமெரிக்காவில் அறிமுகமானபோது விலை முறையே 160, 130, 220 டாலர். கறுப்பு எழுத்துக்கு மூன்றிலும் அங்குலத்துக்கு 300 பிக்சல். விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கிலீஷ் பக்கத்தைத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள். தமிழ்ப் பக்கம் எதில் ஒழுங்காக வரும்? டிசம்பரில் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்து ஒருவரும் சென்னையிலிருந்து ஒருவரும் வருகிறார்கள். யாரிடம் சொல்லி வாங்குவது?

மோக்கா வாத்தியார்

வணக்கம் தங்கச்சி. திரை, வெளிச்சம், பேட்டரி எல்லாம் இந்த மூன்றிலும் நன்றாகவே இருக்கும். தமிழுக்கு முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கருவி எழுத்தை எப்படிக் கோக்கிறது என்பதைத்தான்.

‘கொ’ என்று நாம் பார்ப்பது கோப்புக்குள் இரண்டு குறியீடு. முதலில் ‘க’, அதன் பின்னால் ஒகரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் வைப்பது ரீடரின் வேலை. அது தெரியாத மென்பொருளில் கொம்பு ‘க’வுக்கு வலப்பக்கம் போய் உட்காரும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைச் சுமந்துகொண்டு தனியாக நிற்கும். ‘கு’, ‘பூ’, ‘தூ’ போன்றவற்றிலும் மெய்யெழுத்தும் உகரமும் ஒட்டாமல் பிரிந்து கிடக்கும்.

அதனால் எந்தக் கருவியாக இருந்தாலும் இந்த ஒரு வரியை நோட்பேடில் அடித்து, ஈபப் ஆக்கி, அதில் திறந்து பாருங்கள்:

கொக்கு கோழி கௌரி பூனை தூது ஸ்ரீ க்ஷேமம் மீன் வை

‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றிலும் இருபக்கக் குறி சரியாகப் பிளக்கிறதா என்று பாருங்கள். ‘ஸ்ரீ’யில் நான்கு குறியீடு சேர்ந்து ஒரே உருவமாக வர வேண்டும், ‘ஸ்’, ‘ரீ’ என்று பிரிந்து நின்றால் எழுத்துருவிலோ கோக்கும் பொறியிலோ குறை. ‘க்ஷே’யில் இரட்டைக்கொம்பு ‘ஷ’வுக்கு முன்னால் நடுவில் விழாமல், மொத்தக் கூட்டுக்கும் முன்னால் வர வேண்டும். பலவற்றில் இடறுவது இதுதான்.

இந்தச் சோதனையில் கிண்டிலுக்குப் பிரச்சினை இல்லை. 2016 டிசம்பரில் இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு தமிழையும் கிண்டில் கடையில் சேர்த்தார்கள். அதிலிருந்து தமிழ் எழுத்துரு கருவிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தைய பழைய கிண்டில்களில் தமிழ் உடைந்து வந்ததால்தான் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்காரர்கள் 6 அங்குலப் பிடிஎஃப் என்று தனியாகச் செய்து போட்டார்கள். இன்றைக்கு அந்தப் பிடிஎஃப் தேவையில்லை, ஈபபையே எடுங்கள். பிடிஎஃப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது, பக்கம்தான் வெளியே ஓடும்.

கிண்டிலின் தொல்லை வேறு இடத்தில். ஈபபை யூஎஸ்பி வழியாக அப்படியே போட்டால் அது கண்டுகொள்ளாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, ‘சென்ட் டு கிண்டில்’. மின்னஞ்சலில் 50 எம்பி வரை, வலைப்பக்கத்தில் 200 எம்பி வரை ஏற்கும். அமேசான் தன் பக்கத்தில் மாற்றி அனுப்பிவிடும். இரண்டு, காலிபர் என்ற இலவசக் கணினி மென்பொருளில் ஏஇசட்டபிள்யூ3 என்ற கிண்டில் வடிவமாக மாற்றி யூஎஸ்பியில் போடுவது. 2024 மாடல்கள் பென்டிரைவ் போல இணைவதில்லை, போன்கள் போல எம்டிபி முறையில்தான் இணைகின்றன. விண்டோஸில் அது தானாகத் தெரியும், மேக்கில் தெரியாது. மேக் வைத்திருந்தால் காலிபரையோ வேறொரு கோப்பு மாற்றியையோ திறந்துதான் போட வேண்டும். பாதிப் பேர் கருவி பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

பிரெஞ்சு அகராதி கிண்டிலிலும் உண்டு, கோபோவிலும் உண்டு, இலவசமாக இறங்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தமிழ் அகராதியையும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், ஆனால் அதற்குக் காரணம் வேறு. ‘வீட்டிலிருந்து’ என்பதைத் தொட்டால் எந்த ரீடரும் ‘வீட்டிலிருந்து’ என்றே தேடும். அகராதியில் இருப்பதோ ‘வீடு’. வேற்றுமையும் சந்தியும் ஒட்டிய சொல்லைப் பிரித்துத் தேடும் திறமை இவற்றில் இல்லை. கையால் வேர்ச்சொல்லை அடித்துத் தேடத்தான் வேண்டும்.

செயிண்ட் தெனி நூலகர்

ரியூனியனிலிருந்து வணக்கம். வாத்தியார் அண்ணன் கிண்டிலைச் சொன்னார், நான் கோபோவைச் சொல்கிறேன்.

அக்கா, முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு வருஷத்தில் நீங்கள் படிப்பதில் எத்தனை புத்தகம் கிண்டில் கடையில் மட்டும் கிடைப்பது? கோபோ கடையிலும் தமிழ் உண்டு, ஆனால் கிண்டில் அளவுக்கு இல்லை. கிண்டிலில் வாங்கியது கோபோவில் திறக்காது, கோபோவில் வாங்கியது கிண்டிலில் திறக்காது. முன்பு அமேசான் தளத்திலிருந்து வாங்கிய புத்தகத்தைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளலாம்; 2025 பிப்ரவரி 26-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். பாதிக்கு மேல் கிண்டில் கடை என்றால் கிண்டில்தான், மேலே படிக்க வேண்டாம். மதுரைத் திட்டமும் இலவச ஈபபும் பிரெஞ்சும்தான் பெரும்பங்கு என்றால் கோபோ.

பிரெஞ்சுக்குக் கோபோ ஏன் என்றால், எங்கள் பக்கம் நூலகங்கள் மின்னூல் இரவல் கொடுப்பது நகலெடுப்பதைத் தடுக்கும் அடோபி பூட்டோடு, இல்லையென்றால் எல்சிபி என்ற வேறொரு பூட்டோடு. அடோபி பூட்டுப் போட்ட ஈபபைக் கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் வழியாகக் கோபோவுக்கு மாற்றிவிடலாம். கிண்டிலில் இந்த இரண்டு பூட்டும் திறக்காது. பிரெஞ்சுக் கடைகளில் வாங்கும் புத்தகங்களுக்கும் இதே கதைதான்.

இனி கோபோவில் தமிழ். இங்கே கவனம் வேண்டும், ஏனென்றால் பெட்டியைப் பிரித்தவுடன் தமிழ் சரியாக வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கோபோவுக்குள் நூலைத் திரையில் காட்டும் மென்பொருள் பொறி இரண்டு இருக்கிறது. சாதாரண ஈபபை அடோபியின் பொறி திறக்கும், கேஈபப் என்ற அதன் சொந்த வடிவத்தை வேறொரு பொறி திறக்கும். கொம்பு இடம் மாறி நிற்பதெல்லாம் பெரும்பாலும் முதல் பொறியில்தான். ஆகவே தமிழ்ப் புத்தகம் எல்லாவற்றையும் கேஈபப் ஆக்கிப் போடுங்கள். 2025-இல் வந்த காலிபர் 8 முதல் இந்த மாற்றம் உள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தைய காலிபர் என்றால் கேபபிஃபை என்ற சிறு கருவி போதும்.

எழுத்துருவுக்கு: கோபோவைக் கணினியில் இணைத்து, வேறு எந்தக் கோப்புறைக்குள்ளும் போகாமல் முதல் நிலையிலேயே ‘ஃபான்ட்ஸ்’ (fonts) என்ற ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவின் டிடிஎஃப் கோப்புகளை உள்ளே போடுங்கள். கோப்பின் பெயரில் குடும்பப் பெயர், அதன்பின் ஒரு இணைப்புக்கோடு, அதன்பின் ‘ரெகுலர்’ அல்லது ‘போல்ட்’ என்று இருக்க வேண்டும். கணினியிலிருந்து கழற்றியபின் படிக்கும் பக்கத்தில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் அதன் பெயர் தெரியும், தேர்ந்தெடுங்கள். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் தமிழ் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வரலாம். முகப்புப் பக்கத்தில் நூலின் தலைப்பும் கட்டங்களாக நின்றால், காலிபரில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் பிரெஞ்சு எழுத்தில் மாற்றி அனுப்புங்கள். உள்ளே இருக்கும் நூலுக்கு ஒன்றும் ஆகாது.

இவ்வளவும் செய்தும் மனம் ஒப்பாவிட்டால் கேஓரீடர் என்ற வேறொரு வாசிப்பு மென்பொருள். இலவசம். கோபோவில் கருவியின் பூட்டை உடைக்கும் வேலை எதுவும் இல்லாமல் ஏறும், பழைய வாசிப்புப் பக்கமும் அப்படியே இருக்கும். கோபோவில் கூடுதல் பட்டியல் சேர்க்கும் நிக்கல்மெனு என்ற சிறு மென்பொருளின் கோப்பைப் புள்ளியில் தொடங்கும் ‘கோபோ’ கோப்புறைக்குள் போட்டு, கணினியிலிருந்து கழற்றினால் கருவி தானே மறுபடி கிளம்பும். கேஓரீடர் பொதியைப் புள்ளியில் தொடங்கும் ‘ஆட்ஸ்’ (.adds) கோப்புறைக்குள் விரித்து வையுங்கள். நிக்கல்மெனுவின் பட்டியலில் அதைக் கிளப்ப ஒரு வரி எழுதினால் முடிந்தது. மறக்கக்கூடாத ஒன்று: கோபோவின் அமைப்புக் கோப்பில், புள்ளியில் தொடங்கும் கோப்புறைகளை நூலகத்தில் சேர்க்காதே என்ற வரியை இடுங்கள். இல்லாவிட்டால் கேஓரீடரின் சின்னச்சின்ன படங்கள் எல்லாம் ‘புத்தகங்களாக’ உங்கள் நூலகத்தில் வந்து குவியும்.

கேஓரீடருக்குள் தமிழுக்காகப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. எழுத்து இடைவெளி அமைப்பில் ‘ஆஃப்’, ‘ஃபாஸ்ட்’, ‘குட்’, ‘பெஸ்ட்’ என நான்கு நிலை இருக்கும். ‘பெஸ்ட்’ வையுங்கள். ஹார்ஃப்பஸ் என்ற கோக்கும் பொறி முழுதாக வேலை செய்வது அந்த நிலையில்தான். கீழ்நிலைகளில் வேகம் கொஞ்சம் கூடும், ஆனால் கொம்பும் காலும் கைவிட்டுப் போகும்.

வாங்குவதைப் பற்றி: இங்கே கோபோ ஃப்னாக் என்ற பிரெஞ்சுக் கடைத்தொடர் வழியாகக் கிடைக்கும். ரியூனியனில் டிவிஏ (மதிப்புக்கூட்டு வரி) 8.5 சதவீதம்தான், ஆனால் ஒக்த்ருவா த மேர் என்ற கடல்வரியும் விலைக்குள் இருக்கும். அதனால் பாரிஸ் விலையைப் பார்த்துக்கொண்டு இங்கே வராதீர்கள்.

ரோஸ்ஹில் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. எண்ணிப் பார்த்தேன்: கிண்டில் கடையில் வருஷத்துக்கு ஐந்தாறு நாவல்தான். மற்றதெல்லாம் வெளியிலிருந்து.

இரண்டு சந்தேகம். ஒன்று: சோதனைக்காக ஒரு பழைய ஈபபை ‘சென்ட் டு கிண்டில்’ வழியாகப் போனில் இருக்கும் கிண்டில் செயலிக்கு அனுப்பினேன். பக்கம் முழுக்கப் பிரெஞ்சு ‘ஆ’ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறிமாறி வருகிறது. தமிழ் ஓர் எழுத்துகூட இல்லை. அதே கோப்பு கணினியில் சரியாகத் திறக்கிறது.

இரண்டு: ஸ்கேன் புத்தகங்களுக்கு 6 அங்குலம் போதுமா, 7 வேண்டுமா? அதற்கும் பெரிதா? லிப்ராவின் கலர் திரையால் ஏதும் பயன் உண்டா?

மோக்கா வாத்தியார்

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன். கோப்பு கெடவில்லை, கவலை வேண்டாம்.

யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியீடும் மூன்று பைட். எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்றுதான். இதை ஐரோப்பிய எழுத்து முறை என்று தவறாக எடுத்துக்கொண்டால் முதல் பைட் கிராவ் கோடு போட்ட பிரெஞ்சு ‘ஆ’ ஆகிவிடும், இரண்டாவது பெரும்பாலும் வட்டத்துக்குள் இருக்கும் ஆர் குறியாகும். நீங்கள் பார்த்தது அதைத்தான். ஈபபுக்குள் இருக்கும் பக்கங்களின் தலையில் ‘இது யூடிஎஃப்-8’ என்ற அறிவிப்பு வரி இல்லாவிட்டால் அமேசானின் மாற்றி அப்படி நினைத்துக்கொள்கிறது. கணினியில் இருக்கும் செயலிகள் தாமாகவே யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்வதால் அங்கே தெரியவில்லை.

சரிசெய்வது எளிது. காலிபரில் அந்தப் புத்தகத்தைச் சேர்த்து, ஈபபிலிருந்து ஈபபுக்கே ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும்போது காலிபர் எல்லாப் பக்கத்திலும் அந்த வரியை எழுதிவிடும். மாற்றும் முன் விவரப் பகுதியில் மொழி என்ற கட்டத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். மொழி எழுதாத, தப்பாக எழுதிய கோப்பை ‘சென்ட் டு கிண்டில்’ திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. பழைய தமிழ் ஈபப்கள் பலவற்றில் மொழி ‘ஆங்கிலம்’ என்றே கிடக்கிறது.

வேறொரு வகைக் குழப்பமும் வரும், அதை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டாம். மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியபோது யூனிகோட் நம் கணினிகளுக்கு வரவில்லை, டிஸ்கி போன்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறைகளில்தான் ஏற்றினார்கள். அக்காலக் கோப்புகளும், பாமினி எழுத்துருவில் அடித்த இலங்கைக் கோப்புகளும் ரீடரில் பல்வேறு ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும்; அறிவிப்பு வரியைச் சேர்த்தாலும் மாறாது. அவற்றை என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்ற வேண்டும். மதுரைத் திட்ட நூல்களுக்கு யூனிகோட் பதிப்பே தளத்தில் இருக்கிறது, அதை எடுத்தால் இந்த வேலையும் இல்லை.

பழுப்புத்தாள்

ஸ்கேன் புத்தகம் பற்றிய கேள்வி என் பக்கம். அளவெடுத்துப் பேசுவோம்.

6 அங்குலத் திரை என்பது 9.1க்கு 12.3 செ.மீ. 7 அங்குலம் 10.7க்கு 14.2 செ.மீ. 7.8 அங்குலம் 11.9க்கு 15.8. 10.3 அங்குலம் 15.7க்கு 20.9. இப்போது புத்தகத்தைப் பாருங்கள். பழைய தமிழ் நூல்களில் பெரும்பகுதி கிரவுன் அளவு, தாள் ஏறத்தாழ 12க்கு 18 செ.மீ. சுற்றிலும் இருக்கும் வெள்ளையை வெட்டிவிட்டால் அச்சுப் பகுதி சுமார் 9க்கு 14 செ.மீ. ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள், அது 7 அங்குலத் திரையில் அச்சில் இருந்த அளவிலேயே உட்காரும். 6 அங்குலத்தில் உயரத்துக்காக எட்டில் ஒரு பங்கு சுருங்கும். படிக்கலாம், ஆனால் அடிக்குறிப்பு எழுத்தில் ‘ன’வா ‘ண’வா என்று கண்ணைச் சுருக்க வேண்டிவரும். டெமி அளவு நூல்களுக்கு, அதாவது 14க்கு 21.5 செ.மீ. தாளுக்கு, 7 போதாது. உரையும் பதவுரையும் இரண்டு மூன்று அளவு எழுத்தில் அடித்த இலக்கியப் பதிப்புகள் பெரும்பாலும் டெமிதான். அவையே உங்கள் முக்கியப் படிப்பு என்றால் 10.3 அங்குலத்துக்குப் போங்கள். எப்போதாவது என்றால் கருவியைப் படுக்கையாகத் திருப்பிப் பக்கத்தை இரண்டு பாதியாகப் படியுங்கள். 7 அங்குலம் படுக்கையில் 14.2 செ.மீ. அகலம் தரும், டெமி எழுத்து அச்சைவிடப் பெரிதாகவே தெரியும்.

ஆகவே ஸ்கேன் நூல் படிப்பவருக்கு நான் கிளாரா சொல்ல மாட்டேன். பேப்பர்வைட், லிப்ரா இரண்டும் 7 அங்குலம். இரண்டில் பிடிஎஃப்புக்கு லிப்ராதான், காரணம் கேஓரீடர். கிண்டிலில் கேஓரீடர் ஏற்றக் கருவியின் பூட்டை உடைக்க வேண்டும். அந்த வழி மென்பொருள் புதுப்பிப்பில் அடைபடலாம்.

வெள்ளையை வெட்டுவது கேஓரீடரில் தானாக நடக்கும். ஆனால் ஸ்கேன் செய்யும்போது ஓரத்தில் விழுந்த கறுப்பு நிழலையும் அது எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நூலுக்குக் கையால் ஒரு கட்டம் வரைந்து, ஒற்றைப்படைப் பக்கத்துக்கு ஒன்று, இரட்டைப்படைப் பக்கத்துக்கு ஒன்று என வையுங்கள். கட்டிய புத்தகத்தில் உள் ஓரம் மாறிமாறி வருவதால் ஒரே கட்டம் இரண்டுக்கும் பொருந்தாது.

அடுத்தது புள்ளி. பழுப்பேறிய தாளில் மங்கிய மெய்யெழுத்துப் புள்ளி, திரையில் தாளின் நிறத்தோடு கலந்துவிடும். ‘கல்’ ‘கல’ ஆகிவிடும், ‘எண்’ ‘எண’ ஆகிவிடும். மாறுபாட்டைக் கூட்டுங்கள், ஆனால் அழுக்கு நீக்கும் வசதியைத் தொடாதீர்கள். அந்த வசதிக்குத் தாளில் இருக்கும் கறையும் தெரியும், நம் புள்ளியும் கறையாகத்தான் தெரியும். இங்கிலீஷில் ஒரு புள்ளி போனால் வாக்கியம் முடிந்தது தெரியாமல் போகும், அவ்வளவுதான். தமிழில் சொல்லே போய்விடும்.

பக்கம் புரட்ட ஐந்தாறு நொடி ஆகிறது என்றால், உள்ளே இருக்கும் படம் ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். இன்டர்நெட் ஆர்கைவ் பிடிஎஃப்கள் பல அப்படித்தான். ரீடரின் சின்னச் செயலிக்கு அதை விரிப்பது பெரும் வேலை. கணினியில் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவசக் கருவிக்குக் கொடுத்து, 7 அங்குலத்துக்கு 1264க்கு 1680 பிக்சல் என்று சொல்லி, வண்ணம் இல்லாமல் மறுபடி எழுதச் சொல்லுங்கள். கோப்பும் சிறுக்கும், புரட்டலும் சுருக்காகும்.

பிடிஎஃப்பைக் காலிபரில் ஈபபாக மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். தமிழுக்கு வேண்டாம். ஸ்கேன் என்றால் உள்ளே எழுத்தே கிடையாது, படம்தான். எழுத்து உள்ள பிடிஎஃப் என்றாலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ‘க’, கால் என்று தனித்தனியாக உருவி எடுக்கும். ‘கொ’ திரும்பி வராது. எழுத்தாகவே வேண்டுமென்றால் கூகுள் டிரைவின் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதி) அல்லது டெஸராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளின் தமிழ்த் தரவை வைத்து எடுத்து, பிழை திருத்தி, பிறகு ஈபபாக்குங்கள். அதற்கு முன் தமிழ் விக்கிமூலத்தில் அந்த நூல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே ஈபபாக இறக்கலாம்.

கலர் திரை: லிப்ராவில் இருக்கும் கேலிடோ 3 என்ற வண்ண இ-இங்க் திரையில் அங்குலத்துக்குக் கறுப்பு எழுத்து 300, வண்ணம் 150 பிக்சல்தான். மேலே ஒரு வண்ண வடிகட்டி இருப்பதால் வெள்ளை சற்றுச் சாம்பலாகத் தெரியும், பகலிலும் விளக்கைக் கொஞ்சம் ஏற்றியே வைக்க நேரும். பழுப்புத் தாள் ஸ்கேனுக்கு அது இன்னும் ஒரு படி இருட்டு. உங்களுக்கு லிப்ராவில் பயன் தருவது வண்ணம் அல்ல, 7 அங்குலமும் பக்கம் புரட்டும் பொத்தானும். 199 கிராம் கருவியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் புரட்டலாம்.

டர்பன் தமிழன்

அம்மா, கிண்டில் பக்கம் போவதாக இருந்தால் கணக்கு விஷயத்தை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கருவி எங்கே வாங்கியது என்பது கடைக்குப் பொருட்டில்லை; அது எந்தக் கணக்கில் பதிந்தது, அந்தக் கணக்கு எந்த நாட்டுக் கடையைச் சேர்ந்தது என்பதே பொருட்டு. சென்னையில் வாங்கி வருகிறவர் தன் இந்தியக் கணக்கில் பதிந்து கொடுத்தால் அதில் இந்தியக் கடைதான் திறக்கும். உங்கள் கணக்கு அமெரிக்கக் கடையில் இருந்தால், இரண்டிலும் வாங்கிய புத்தகங்கள் ஒரே கருவியில் ஒன்றாக வராது. பதியாமல் பெட்டியோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

அமெரிக்காவில் வாங்கும்போது பூட்டுத்திரையில் விளம்பரம் வரும் பதிப்பும் விற்பார்கள், இருபது டாலர் குறைவு; மேலே சொன்ன 160 டாலர் அந்தப் பதிப்பின் விலைதான். வேண்டாம். உங்கள் தீவுக்கு நேராகத் தருவித்தால் பொருளின் விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்த தொகைக்கு 15 சதவீத வாட் கணக்கிடுவார்கள். வெளிநாட்டில் வாங்கியது பழுதானால் வாங்கிய நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்வார்கள். அந்த வகையில் பக்கத்துத் தீவில் வாங்கினால் போகவர எளிது.

கிண்டிலும் வேண்டும் கேஓரீடரும் வேண்டும் என்பவர்கள் பூக்ஸ் என்ற வேறொரு நிறுவனத்து இ-ரீடர் வாங்குவார்கள். ஆண்ட்ராய்டு என்பதால் கிண்டில் செயலி, கோபோ செயலி எல்லாம் ஏறும், தமிழும் உடையாது. ஆனால் பேட்டரி வாரக்கணக்கில் நிற்காது, அமைப்புகளுக்குள் நிறைய அலைய வேண்டும். வருஷத்துக்கு ஐந்து நாவலுக்காக அந்தச் சுமை வேண்டாம். அவற்றைப் போனில் படித்துக்கொள்ளலாம்.

ஃப்ளிக்கான்ஃப்ளாக்

கடற்கரையில் படிக்கிறவர்களுக்காக ஒரு சொல். மூன்றுமே ஐபிஎக்ஸ்8 என்ற நீர்காப்புத் தரம். நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழம், 60 நிமிஷம். உப்புத் தண்ணீருக்கு அந்தக் கணக்கு செல்லாது; பேப்பர்வைட்டுக்கு அமேசானே சொல்வது கால் மீட்டர், 3 நிமிஷம். கடல் தண்ணீர் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் கழுவி, சார்ஜ் துளையைக் கீழ்நோக்கி வைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு யூஎஸ்பி-சி செருகினால் துளைக்குள் இருக்கும் ஊசிகள் அரித்துப்போகும். கிளாராவில் திரை சட்டத்துக்குள் சற்றுத் தாழ்ந்து இருக்கும், மணல் அந்த மூலையில் தங்கும். விரலால் தேய்க்காதீர்கள், கீறும். ஊதியோ மென்மையான தூரிகையாலோ எடுங்கள்.

புயல் மாதங்களில் மின்சாரம் போனாலும் இவை கவலை தரா. கிளாராவின் பேட்டரி 1500 எம்ஏஎச், லிப்ராவினுடையது 2050. சாதாரண பவர்பேங்க் ஒன்று பல தடவை நிரப்பும்.

ரோஸ்ஹில் வாசகி

மொழியைத் தமிழ் என்று மாற்றி, ஈபபை ஈபபாக்கி அனுப்பியதும் பக்கம் பக்கமாகத் தமிழ் வந்துவிட்டது. வாத்தியார் அண்ணனுக்கு நன்றி.

லிப்ராவை ரியூனியனிலிருந்து வாங்கிவரச் சொல்லிவிட்டேன். கையில் வரும் முன்னே எழுத்துருவை இறக்கி வைப்போம் என்று நோட்டோ செரிஃப் தமிழை இறக்கினேன். ஒரு பொதி வந்தது. உள்ளே நீளமான பெயரோடு ஒரே ஒரு பெரிய டிடிஎஃப்பும், தனியாக ஒரு கோப்புறையும் இருக்கின்றன. எதைப் போடுவது?

செயிண்ட் தெனி நூலகர்

அந்தப் பெரிய கோப்பு வேரியபிள் எழுத்துரு, அக்கா. எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில் அடங்கியது. கணினிக்கு நல்லது, ரீடருக்கு வேண்டாம். தடித்த எழுத்து வர வேண்டிய இடத்தில் மெல்லியதே வரும், சிலவற்றில் பட்டியலிலேயே காட்டாது. ‘ஸ்டேடிக்’ என்ற அந்தக் கோப்புறைக்குள் போய் ‘ரெகுலர்’, ‘போல்ட்’ இரண்டை மட்டும் எடுங்கள். பெயரில் ‘கண்டென்ஸ்டு’ என்று இருப்பவற்றை விட்டுவிடுங்கள், அவை நெருக்கி அடித்தவை. சாய்வெழுத்துக் கோப்பு போடத் தேவையில்லை. நூலில் சாய்வாக வருமிடத்தைக் கோபோ தானே சாய்த்துக்கொள்ளும், கொஞ்சம் அழகு குறையும்.

பிரெஞ்சுப் புத்தகத்தைத் திறக்கும்போது எழுத்துருவைப் பழையபடி மாற்ற மறக்க வேண்டாம். எழுத்தளவைத் தமிழுக்கு ஒரு படி கூட்டியும், வரியிடைவெளியை இரண்டு படி கூட்டியும் வையுங்கள். ‘ஞூ’, ‘ழூ’ போன்றவை கீழே இறங்கும். மேலே ‘ணீ’, ‘றீ’யின் சுழியும் மெய்யெழுத்துகளின் புள்ளியும் ஏறும். இடைவெளி குறைந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் ஒன்றையொன்று தொடும்.